சமயமோ, மெய்யியலோ? மணிமேகலை வழி ஒரு மறுநோக்கு

1. வினாவும் விடைவகையும்

பௌத்தம் ஒரு சமயமா, அன்றி ஒரு மெய்யியலா என்னும் வினா புதியதன்று. பொதுமேடைகளிலும் விரிவுரை மண்டபங்களிலும் அது மீட்டும் மீட்டும் எழுப்பப்பட்டு வருகின்றது. உலகைப் படைத்த கடவுளொருவரை ஏற்காமையாலும், நிலையான ஆன்மா உண்டெனக் கொள்ளாமையாலும், ஆராய்ந்தபின் ஏற்குமாறு வற்புறுத்துவதாலும் பௌத்தம் மெய்யியலே என்பர் ஒருசாரார். விகாரையும் தாதுகோபமும் வெள்ளரசும், துறவியர் சங்கமும், தானமும் நோன்பும் உடைய ஒன்றைச் சமயமென்று கூறாது வேறென்ன கூறுவது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் கலந்ததே பௌத்தம் எனக் கூறி அமைதி காண்போரும் உளர். இம்மூன்றாவது விடை சமரசமாகத் தோன்றினும் எதனையும் விளக்குவதில்லை. எண்ணெயும் நீரும் ஒரே கலத்தில் இருப்பதுபோல் இரண்டு பொருள்கள் அருகருகே உள்ளன என்றே அது கருதுகின்றது.

இவ்வினாவை ஆராய்தற்குத் தமிழ் மாணவர்க்கு வாய்த்த சிறந்த கருவி மணிமேகலை ஆகும். முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள பழைய தமிழ்ப் பௌத்தக் காப்பியம் அதுவொன்றே. குண்டலகேசி சில செய்யுட்களாகவும் நீலகேசி கூறும் மறுப்புகளின் வாயிலாகவுமே நமக்கு எஞ்சியுள்ளது. அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. மணிமேகலையின் இறுதிக் காதையிலே அறவண அடிகள் வினாக்களுக்கு விடைகூறும் முறை நான்கு என்று வகுத்துரைக்கின்றார். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன அவை. எல்லா வினாவுக்கும் ஆம் என்றோ அன்று என்றோ விடை கூறுதல் அறிவுடைமையாகாது. வினாவின் இயல்பறிந்தே விடையின் இயல்பைத் துணிதல் வேண்டும் என்பது இதன் கருத்து. பௌத்தம் எத்தகையது என்று வினவுவோர், வினாக்களைப் பற்றிப் பௌத்தம் கூறியதை முதலிற் கேட்பது முறையன்றோ? எனவே இக்கட்டுரையில் முதலில் வினாவின் வரலாற்றையும், பின்னர் அதில் வழங்கும் சொற்களையும், அதன்பின் மணிமேகலையின் அமைப்பையும் நோக்கி, ஈற்றில் அந்நான்கு விடைவகைகளுக்கு மீளுவோம்.

2. வினா பிறந்த சூழல்

பௌத்தம் வாழ்ந்த நாடுகளில் இவ்வினா இவ்வடிவிற் பிறக்கவில்லை. பாளி மரபிலே தம்மம், சாசனம் என்னும் இரு சொற்கள் உள. தம்மம் புத்தர் கண்டு உரைத்த உண்மை. சாசனம் அவ்வுண்மை உலகில் நின்று நிலவும் ஒழுங்கு. ஒன்று பொருள், மற்றையது அதன் இருப்பு. இவற்றுள் எது பௌத்தம் எனப் பழைய உரையாசிரியர் எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

ஐரோப்பியர் பௌத்தத்தைச் சந்தித்த முறை வேறானது. பிரெஞ்சு அறிஞர் யூஜின் பேர்னூஃப் 1844இல் வெளியிட்ட இந்திய பௌத்த வரலாற்று முன்னுரை, நேபாளத்திலிருந்து பெறப்பட்ட வடமொழிச் சுவடிகளை அடிப்படையாகக் கொண்டது. இலங்கையிற் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரியான ஸ்பென்ஸ் ஹார்டி 1850இலும் 1853இலும் வெளியிட்ட நூல்கள், பௌத்தத்தை விளக்குதலோடு அதனை வெல்லுதலையும் நோக்கமாகக் கொண்டவை. இலங்கைச் சிவில் சேவையில் இருந்து பாளி கற்ற ரைஸ் டேவிட்ஸ் 1881இல் பாளி நூற் சங்கத்தை நிறுவினார். அன்னாரின் தொண்டினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பாளி நூல்கள் இன்று உலகெங்கும் கற்கப்படுவதற்கு அவரே பெருங்காரணர். ஆயினும் சுவடிகளின் வழியாகக் காணப்பட்ட பௌத்தமே தூய பௌத்தம் என்றும், மக்கள் வாழ்விற் கண்ட வழிபாடும் சடங்கும் பிற்காலக் கலப்பு என்றும் ஒரு பாகுபாடு இக்காலத்தில் வேரூன்றியது. நூலகத்துப் பௌத்தம் மெய்யியலாயிற்று. விகாரைப் பௌத்தம் சமயமாயிற்று.

இப்பாகுபாட்டை இலங்கையின் மறுமலர்ச்சி இயக்கமும் தன் தேவைக்கேற்ப ஏற்றுக்கொண்டது. 1873இல் நிகழ்ந்த பாணந்துறை வாதத்திலே கிறித்தவக் குருமாரை எதிர்த்து வாதிட்ட மீகெட்டுவத்தை குணானந்த தேரருக்குப் பௌத்தத்தின் தருக்க வன்மையே படைக்கலமாயிற்று. 1880இல் இலங்கைக்கு வந்த கேணல் ஒல்கொற் அடுத்த ஆண்டிலேயே பௌத்த வினாவிடை நூலை வெளியிட்டார். அந்நூலின் பிந்திய பதிப்புகளிலே, பௌத்தத்தைச் சமயம் எனல் பொருந்தாது, அதனை ஒழுக்க மெய்யியல் எனலே தகும் என்னும் கருத்து இடம்பெறுகின்றது. இதிலுள்ள முரண் நோக்கற்பாலது. பௌத்தம் சமயமன்று என்று கூறும் அந்நூல், கிறித்தவ சமயபாட நூலின் வினாவிடை வடிவத்திலேயே அதனைக் கூறுகின்றது. சமயமன்று என்னும் கூற்றே ஒரு சமயப் போட்டியின் நடுவிற் பிறந்தது. கணநாத் ஒபயசேகர 1970இல் இப்புதிய நிலையைப் புரட்டஸ்தாந்து பௌத்தம் என்று பெயரிட்டு ஆராய்ந்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

இவ்வரலாற்றுக்குப் பின்வந்த அறிஞருள் வல்பொல ராகுல தேரர் 1959இல் வெளியிட்ட தமது நூலிலே, எப்பெயரிட்டு அழைப்பினும் பௌத்தம் பௌத்தமே, பெயர் முக்கியமன்று என்னும் நிலையை மேற்கொண்டார். விடுதலையை நாடும் தனிமனிதனுக்கு இது போதுமானதாகலாம். ஆயின் சமூகத்திற் பெயருக்கு விளைவுண்டு. பெயர் முக்கியமன்று என விட்டுவிடுவோமாயின், அப்பெயரால் யார் எதனைச் சாதித்தனர் என்னும் கேள்வியையும் விட்டுவிட நேரும்.

3. சொற்களின் சான்று

இனி நமது மொழியிலுள்ள சொற்களை நோக்குவோம். மெய்யியல் என்பது அண்மைக் காலத்து ஆக்கம்; ஐரோப்பிய மரபின் ஒரு துறைக்கு ஈடாக நாம் அமைத்துக்கொண்டது. தத்துவம் என்னும் சொல் பழையது. எனினும் சைவ சித்தாந்த வழக்கில் அது முப்பத்தாறு தத்துவங்கள் என எண்ணப்படும் உண்மைப் பொருள்களைக் குறித்ததேயன்றி, அவற்றை ஆராயும் துறையைக் குறித்ததன்று. மதம் என்னும் சொல்லின் வரலாறு மேலும் சுவையானது. நன்னூற் பாயிரம் எழுவகை மதம் என்று கூறுமிடத்து அச்சொல் நூலாசிரியன் பிறர் கருத்தை உடன்படுதல், மறுத்தல் முதலிய கொள்கை நிலைகளையே குறிக்கின்றது. இன்று பிறப்புச் சான்றிதழிலும் குடிசன மதிப்பீட்டுப் படிவத்திலும் மதம் என்று எழுதப்படுவது, ஒருகாலத்தில் வாதத்தில் ஒருவன் மேற்கொள்ளும் கருத்தாக இருந்தது.

சமயம் என்னும் சொல்லை மணிமேகலை எவ்வாறு வழங்குகின்றது? சாத்தனார் இருபத்தேழாம் காதைக்குச் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை என்று பெயர். வஞ்சி நகரிலே மணிமேகலை பதின்மரின் கொள்கைகளைக் கேட்கின்றாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்போர் அவர். இன்றைய பல்கலைக்கழகப் பாகுபாட்டின்படி இவருட் சிலர் சமயத் துறையினர். சிலர் மெய்யியல் துறையினர். கண்கூடாகக் காண்பதையே மெய்யெனக் கொள்ளும் பூதவாதி எச்சமயத்துக்கும் பகைவன். ஆயின் சாத்தனாருக்கு இவர் யாவரும் சமயக்கணக்கரே. கடவுளை வணங்குவோனும், பொருள்களை வகைப்படுத்துவோனும், இரண்டையும் மறுப்போனும் ஒரே சொல்லுள் அடங்குகின்றனர்.

இது சொல்வழக்கின் நெகிழ்ச்சி மாத்திரமன்று. முதற் காதையில் இந்திரவிழாவை அறிவிக்கும் முரசறைவோன், தெருக்களை அணிசெய்யுமாறு கூறும் அதே அறிவிப்பில், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடுமாறும் கூறுகின்றான். விழாவும் வாதமும் ஒரே அறிவிப்பில் இடம்பெறுகின்றன. கொள்கையை ஆராய்தல் விழாவின் ஓர் அங்கமாகவே இருந்தது. வழிபாடு ஒருபுறம் ஆராய்ச்சி ஒருபுறம் என்ற பிரிவு அச்சமூகத்துக்கு இயல்பாகத் தோன்றியிராது என நாம் கொள்ளலாம்.

4. காதைகளின் வைப்புமுறை

மணிமேகலையைப் பற்றிய திறனாய்வுகளிலே ஒரு பொதுப்போக்கைக் காணலாம். முதல் இருபத்தாறு காதைகளும் கதை. இருபத்தேழு, இருபத்தொன்பது, முப்பது ஆகிய காதைகள் தத்துவம் என்று நூலை இரண்டாகப் பகுப்பர். கதைப்பகுதியைக் கவிதை எனப் போற்றிப் பின்னதைக் காப்பியத்துக்குப் புறம்பான சுமை என ஒதுக்குவோர் உளர். இருபத்தொன்பதாம் காதையின் அளவையியற் பகுதி பின்னர் சேர்க்கப்பட்டது என்று கருதியோரும் உளர். திக்நாகர் மரபைச் சார்ந்த நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலுடன் அப்பகுதிக்குள்ள நெருங்கிய ஒற்றுமை, காலவாராய்ச்சிக்கும் அக்கருத்துக்கும் இடமளித்தது. காலவாராய்ச்சியில் நாம் இங்கு நுழையவில்லை. நம்முன் உள்ள நூலின் வைப்புமுறை என்ன கூறுகின்றது என்பதே நமது வினா.

இருபத்தேழாம் காதையில் மணிமேகலை சமயவாதிகளைக் கேட்கின்றாள். இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகளிடம் அளவையியலைக் கேட்கின்றாள். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது இருபத்தெட்டாம் காதை. அதன் பொருள் யாது? கோவலனின் தந்தையாகிய மாசாத்துவான், காஞ்சி நகரம் மழையின்றி வறட்சியுற்றது எனவும், அங்குச் சென்று உயிர்களைக் காத்தல் வேண்டும் எனவும் அவளுக்கு உரைக்கின்றான். அவள் காஞ்சி சென்று, அமுதசுரபியேந்தி, காணாரும் கேளாரும் முடவரும் பசியால் வருந்திய ஏனையோரும் உண்ணுமாறு ஊட்டுகின்றாள். அதன் பின்னரே அறவண அடிகளிடம் அறங்கேட்கின்றாள்.

இரண்டு கொள்கைக் காதைகளுக்கு நடுவே ஒரு பஞ்சத்தை வைத்தமை தற்செயலானதன்று என்பது எமது துணிபு. பிறர் கொள்கைகளைக் கேட்டபின் அவள் அவற்றை மறுத்து ஒரு விரிவுரை நிகழ்த்தவில்லை, பசித்தோரிடம் செல்கின்றாள். பசி தீர்த்தபின் தருக்கம் கற்கின்றாள். துன்பமும் அதன் காரணமும் பற்றிய கொள்கைக்கு முன்பாகத் துன்பமே காட்டப்படுகின்றது. முப்பதாம் காதை விரித்துரைக்கும் பன்னிரு சார்புகள், பேதைமை முதலாக வினைப்பயன் ஈறாகத் தொடரும் காரணகாரியச் சங்கிலி, காஞ்சியின் பசியைக் கண்டவள் கேட்குமிடத்தே வெறும் கோட்பாடாக ஒலிப்பதில்லை.

மற்றொன்றும் நோக்கற்குரியது. முப்பதாம் காதையில் அச்சார்புகளைக் கேட்பதற்கு முன்னரே மணிமேகலை புத்தம், தன்மம், சங்கம் என்னும் மும்மணிகளை மும்முறை வணங்கிச் சரணடைகின்றாள். சரணம் முன், ஆராய்ச்சி பின் என்பதா இது? அன்று. அவள் இருபத்தேழாம் காதையில் ஆராய்ந்தாள், இருபத்தொன்பதில் ஆராயும் கருவியையே ஆராய்ந்தாள், அதன்பின் சரணடைந்தாள், சரணடைந்தபின் மீண்டும் ஆராய்கின்றாள். காதையின் முடிவிலோ பிறப்பறுக என நோன்பு பூண்கின்றாள். தருக்கம் நோன்பில் முடிகின்றது; நோன்பு தருக்கத்தைக் கைவிடவில்லை. பௌத்தத்தை மெய்யியல் எனக் கூறுவோர் மும்மணிகளுள் நடுமணியாகிய தன்மத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றனர். 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்னும் மூன்றையும் எழுதி உதவினார். தம் சமயமல்லாத ஒரு சமயத்து நூலைப் பதிப்பித்த அப்பெரியார் மும்மணிகளைப் பிரிக்கவில்லை என்பதை நாம் மதித்தல் வேண்டும்.

5. தெய்வங்களின் எல்லை

கடவுள் இல்லாமையாற் பௌத்தம் சமயமன்று என்னும் வாதத்தை மணிமேகலை எவ்வாறு எதிர்கொள்ளும்? காப்பியத்திலே தெய்வங்கள் மலிந்துள்ளன. மணிமேகலா தெய்வம், சம்பாபதி, சிந்தாதேவி, தீவதிலகை, கந்திற்பாவை எனப் பல தெய்வங்கள் கதையை நடத்துகின்றன. எனினும் அத்தெய்வங்களின் ஆற்றலுக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதையிலே, சுடுகாட்டில் அஞ்சி இறந்த சார்ங்கலன் என்னும் சிறுவனின் தாயாகிய கோதமை, தன்னுயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதியிடம் இரக்கின்றாள். சம்பாபதி மறுக்கவில்லை, தன்னால் இயலாது என்கின்றாள். வேறு தெய்வத்தால் இயலும் என்று கோதமை வற்புறுத்தவே, சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் வரவழைத்து, அவருள் எவராலும் போன உயிரை மீட்க இயலாது என்று காட்டுகின்றாள்.

பாளி மரபிலே கிசாகோதமியின் வரலாறு நன்கறியப்பட்டது. இறந்த மகவுக்கு மருந்து வேண்டிய தாயை, சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு கொண்டுவருமாறு புத்தர் பணித்தார். பெயரும் துயரும் ஒன்றாக இருப்பினும் சாத்தனார் கையாண்ட வழி வேறு. அங்கே தாய் ஊரின் வீடுகளைச் சுற்றி உண்மையை அறிகின்றாள். இங்கே தேவர் கூட்டம் முழுவதும் அவள்முன் நின்று தன் இயலாமைக்குச் சான்று பகர்கின்றது. தெய்வங்களை இல்லையென்று கூறும் நாத்திகம் அன்று இது. தெய்வங்களே வந்து வினையின் ஆட்சியை ஒப்புக்கொள்ளும் காட்சி. சமயத்தின் உருவங்கள் யாவும் இங்குள. அவற்றின் உள்ளே ஒரு கொள்கை வாதம் நிகழ்கின்றது.

ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன் செய்தியும் இத்தகையது. கப்பல் கவிழ்ந்து நாகர் மலையை அடைந்த சாதுவன், அவர்தம் குருமகனுடன் உயிர் பற்றியும் வினை பற்றியும் உரையாடுகின்றான். வாதத்தில் அவனை இணங்கச் செய்தபின், அவர்களால் இயலாத உயரறத்தைச் சாதுவன் சுமத்தவில்லை. கடலில் உடைகலப்பட்டு வருவோரைக் கொல்லாதொழிதல், மூத்து இறக்கும் விலங்குகளை விடுத்து ஏனையவற்றைக் கொல்லாதிருத்தல் என்ற அளவில் அவர்க்கேற்ற அறத்தை வகுக்கின்றான். சாதுவன் அங்கே உடலை விட்டு நீங்கும் உயிரொன்று உண்டு என்னும் பாங்கில் வாதிடுகின்றான். முப்பதாம் காதையோ அநான்மா என்று கூறுகின்றது. கோட்பாட்டு நூலாயின் இஃது ஒரு முரண் எனப்படும். கேட்போர் நிலையறிந்து கூறும் வழியாயின் இது படிமுறை எனப்படும். கொள்கையின் அளவுகோல் அது கேட்போனை எங்கே கொண்டுசேர்க்கின்றது என்பதே.

6. நூலின் தளர்ச்சி

இவ்வாறு கூறுதலால் மணிமேகலை குறையற்ற காப்பியம் என நாம் நாட்ட முயல்வதாகக் கொள்ளற்க. இருபத்தேழாம் காதையில் வாதிகள் தத்தம் கொள்கையை மணிமேகலைமுன் ஒப்புவித்துச் செல்கின்றனர். வாதம் என்று கூறத்தக்க மோதல் அங்கு அருகியே உள்ளது. அளவையியற் பகுதியில் போலிகளின் பட்டியல் நீள்கின்றது; கவிதை அங்கு அடங்கிவிடுகின்றது என்பதை மறுத்தல் இயலாது.

இதனினும் ஆழமான ஓர் இடர்ப்பாடு பூதவாதியின் பகுதியில் உண்டு. முற்பிறப்பை அறிந்தோர் உண்டு என்னும் பொருள்பட மணிமேகலை கூறி நகைக்குமிடத்து, அது தெய்வ மயக்கமாகவோ கனவு மயக்கமாகவோ இருக்கலாம் என்று பூதவாதி ஐயுறுகின்றான். தந்தை தாயரையும் அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் என அவள் மடக்குகின்றாள். காட்சி ஒன்றே அளவை என்னும் கொள்கையை இவ்விடை முறிக்கின்றது. ஆயின் பூதவாதி எழுப்பிய ஐயம் முற்றாக நீங்கிற்றா? அவள் முற்பிறப்பறிந்தது மணிபல்லவத்துப் புத்தபீடிகையின் ஆற்றலால். அது பிறர் சோதித்தறியத்தக்க சான்றன்று. தருக்கம் சென்று நிற்கும் இவ்விடத்தில் காப்பியம் அற்புதத்தின்மேல் காலூன்றி அடுத்த அடியை எடுத்துவைக்கின்றது. பௌத்தம் தூய பகுத்தறிவு மெய்யியல் என்போர் இவ்விடத்தைக் கடந்துசெல்ல விரும்புவர். நாம் இங்கே நிற்றல் வேண்டும். தன் எதிரிக்கு வலிமையான ஐயமொன்றை அளித்து அதனை மறைக்காது விட்ட சாத்தனாரின் நேர்மை, வெற்றுப் பிரசாரகனிடம் காணப்படாதது.

7. தமிழர் நோக்கும் அதன் விளைவும்

தமிழரின் சைவ மரபு பௌத்தத்தை ஒரே முகமாக நோக்கவில்லை. சம்பந்தர் தேவாரத்திலே பதிகந்தோறும் பெரும்பாலும் சமணரும் சாக்கியரும் கண்டிக்கப்படுமிடத்து, பௌத்தர் அரசையும் மக்களையும் பற்றிய போட்டியில் எதிர்நின்ற சமயத்தார். அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார் பரபக்கத்திலே சௌத்திராந்திகம், யோகாசாரம், மாத்தியமிகம், வைபாடிகம் என நால்வகைப் பௌத்தமும் மறுக்கப்படுமிடத்து, பௌத்தர் அளவையால் வெல்லத்தக்க கொள்கையினர். பெரியபுராணத்துச் சாக்கிய நாயனாரோ புத்த வேடத்தை நீக்காமலே சிவனடியாரானவர். பகைமை இருப்பினும், எதிரி முழுமையானவன் என்பதை அம்மரபு உணர்ந்திருந்தது.

அண்மைக் காலத் தமிழறிஞரிடையே, நாம் உட்பட, வேறொரு நிலை தோன்றியுள்ளது. மணிமேகலையையும், காஞ்சியையொட்டிய பகுதியிற் பிறந்தவராக மரபு கூறும் திக்நாகரையும், வீரசோழியம் செய்த புத்தமித்திரரையும் தமிழரின் அறிவுச் செல்வம் என உரிமை கொண்டாடுகின்றோம். அவ்வாறு கொண்டாடும்போது பௌத்தம் நமக்கு மெய்யியல். தெற்கே விகாரையில் மணியொலி கேட்குமிடத்து அது பிறரது சமயம். மெய்யியல் என்ற சொல் இங்கே ஒரு வேலியாகப் பயன்படுகின்றது; உரிமையும் வேண்டும், உறவு வேண்டா என்பார்க்கு அது வசதியானது. தமிழர் பௌத்தத்தை ஆராய்ந்தனர், ஆயின் வழிபடவில்லை என்பது இதன் உட்கிடை. வரலாறு இதற்கு இடந்தரவில்லை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டமையை லெய்டன் செப்பேடுகள் கூறும். அந்நகரில் 1856 முதலாகக் கிடைத்த பௌத்தப் படிமங்கள் ஏறத்தாழ 350. இத்துணைப் படிமங்களை வார்ப்பித்தோர் தருக்கம் மட்டும் பயின்றவர் அல்லர்.

மறுபுறத்தே, பௌத்தம் சமயமன்று, உலகப் பொதுவான மெய்யியல் என்று பிறநாட்டார்க்கு விளக்கும் வழக்கம் நிலவும் இந்நாட்டிலேயே, 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதற்கு முதன்மையிடம் அளித்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரையும் அதனைத் தொடர்ந்தது. ஒரு மெய்யியலுக்கு அரசியலமைப்பின் காப்பு எதற்கு என்று வினவுதல் தகும். வெளியார்முன் மெய்யியல், குடிமக்கள்முன் சமயம் என வழங்கப்படுமிடத்தும் பெயர் ஒரு வசதியே. ஆகவே இருசாராரும் வெவ்வேறு நோக்கத்தோடு அதே பாகுபாட்டைப் பயன்படுத்துகின்றோம்.

இப்பாகுபாட்டுக்கு அடங்காத தமிழ்க்குரல் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தமை குறிப்பிடத்தக்கது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சாதியால் ஒடுக்கப்பட்டோர்க்குப் பௌத்தம் இழந்த வரலாறாகவும், மீளும் வழியாகவும், கூடி வாழும் சங்கமாகவும் அவர்வழி அமைந்தது. 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் பெருந்திரளான மக்களுடன் பௌத்தம் தழுவியதும் வெறுங் கொள்கை மாற்றமன்று. இழிவை நீக்கிக்கொள்ள விரும்பியோர்க்கு மெய்யியல் மட்டும் போதவில்லை. சரணம் புகுதற்கு ஒரு சங்கமும் வேண்டியிருந்தது. கணிகையர் குலத்துப் பிறந்தாள் என்று உலகம் இகழ்ந்த மணிமேகலைக்கும் அவ்வாறே வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

8. நான்கு விடைகள்

இனி அறவண அடிகளின் நால்வகை விடைக்கு மீளுவோம். தோன்றியது கெடுமா என்று வினவின், கெடும் எனத் துணிந்து சொல்லலாம் என்பார் அவர். அவ்வாறே, தமிழரிடையே பௌத்தம் வெறும் மெய்யியலாக என்றேனும் இருந்ததா என்று வினவின், இல்லை எனத் துணிந்து சொல்லலாம். ஆராய்ச்சியற்ற வெறும் சடங்காக இருந்ததா எனினும் விடை அதுவே.

இறந்தவன் மீளப் பிறப்பானா என்று வினவின், பற்று நீங்கி இறந்தானா அன்றா எனக் கூறிட்டு மொழிதல் வேண்டும். பௌத்தம் சமயமா என்று பொதுவாக வினவுவார்க்கும் கூறிட்டே மொழிதல் வேண்டும். எக்காலத்துப் பௌத்தம்? யாருடைய பௌத்தம்? காஞ்சியின் தருக்கவாதியினதா, நாகபட்டினத்து வணிகனதா, பாணந்துறை மேடையினதா, அரசியலமைப்பினதா? தேரவாத மரபே தன்னை விபஜ்ஜவாதம், அதாவது கூறிட்டு மொழிவோர் கொள்கை என அழைத்துக்கொண்டது.

முட்டை முந்தியதா பனை முந்தியதா என்பார்க்கு, எம்முட்டைக்கு எப்பனை என்று திருப்பி வினவுதல் மூன்றாவது முறை. சமயமா மெய்யியலா என்பாரை நோக்கி, இவ்விடை உமக்கு எதன்பொருட்டு வேண்டும் என நாமும் வினவலாம். உரிமை கொண்டாடவா, ஒதுக்கிவைக்கவா, ஆளவா, கற்கவா? இவ்வினாவை நம்மிடமும் எழுப்பிக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும்.

ஆகாயப்பூ பழையதா புதியதா என்பார்க்கு வாய்வாளாமையே விடை. வரலாற்றையும் மனிதரையும் நீக்கியபின் எஞ்சும் தூய பௌத்தம் எவ்வகையது என்று கேட்பின், நாமும் வாய்வாளாதிருத்தலே தகும்.

மணிமேகலை சென்ற மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்ளும் மரபு நம்மிடையே உண்டு. மணியாசனத்துக்காகப் போரிட்ட நாக மன்னர் இருவரின் பகையைப் புத்தர் தணித்த செய்தியை மகாவமிசம் நாகதீபத்தின்மேல் ஏற்றிக் கூறும். மணிமேகலை மணிபல்லவத்தின்மேல் ஏற்றிக் கூறும். இரு மொழிகளின் நினைவும் ஒரு நிகழ்ச்சியைச் சுற்றியே நிற்கின்றது. இன்று அத்தீவில் நாகபூசணியம்மன் கோயிலும் நாகவிகாரையும் உள. ஓர் ஆசனம் யாருக்கு உரியது என்னும் வழக்கைத் தீர்த்த கதை அது என்பதை இருசாராரும் எண்ணிப்பார்த்தல் நன்று.

எனவே மணிமேகலையைக் கற்பிக்கும்போது கதைக் காதைகளைத் தமிழ்த் துறைக்கும் கொள்கைக் காதைகளை மெய்யியல் துறைக்கும் பங்கிட்டுக் கொடுத்தலை நாம் விடுதல் வேண்டும். இருபத்தேழாம் காதை தொடக்கம் முப்பதாம் காதை ஈறாக நான்கையும் ஒருசேரக் கற்பிப்போமாயின், இரண்டு வாதங்களுக்கு நடுவே காஞ்சியின் பசித்த மக்கள் வரிசையில் நிற்பதை மாணவர் காண்பர். அவ்வரிசையைக் கண்டவர்க்கு, பௌத்தம் எத்துறையைச் சார்ந்தது என்னும் வினா முக்கியத்துவம் குறைந்ததாகவும், அது யாருக்கு என்ன செய்தது என்னும் வினா முக்கியமானதாகவும் தோன்றும்.